மீதி 156 மணி நேரம்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த ஒருவருக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடந்தால், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையை இயந்திரம் 12 மணி நேரம் பார்க்கிறது. நம் ஊரில் பலருக்கு வாரம் இரண்டு முறைதான் கிடைக்கிறது. அவர்களுக்கு எட்டே மணி நேரம். நல்ல சிறுநீரகமோ 168 மணி நேரமும் கண் மூடுவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மீதியை உடம்புக்கே திருப்பிக் கொடுக்கிறது. உப்பு எவ்வளவு இருக்கலாம், பொட்டாசியம் எவ்வளவு இருக்கலாம் என்று ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. இயந்திரம் அணைந்திருக்கும் மீதி 156 மணி நேரம் இந்தக் கணக்கைப் பார்ப்பது யார்?

வீட்டில் ஒருவர் பார்க்கிறார். பெரும்பாலும் மனைவி. சில வீடுகளில் அம்மா, சில வீடுகளில் படிப்பைப் பாதியில் நிறுத்திய மகள். மனைவிக்காகக் கடையைச் சீக்கிரம் சாத்தும் கணவர்களும் உண்டு. இருபத்தைந்து வயது மகனைக் கைத்தாங்கலாக அழைத்துவரும் அறுபது வயது அப்பாக்களையும் டயாலிசிஸ் பிரிவுகளில் பார்க்கலாம். மருத்துவமனையின் பதிவேட்டில் இவர்களுக்கு ஒரு கைப்பேசி எண்ணுக்கு மேல் இடமில்லை. ஆனால் நோயாளி அடுத்த டயாலிசிஸ் வரை தாக்குப்பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

அந்த வீட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இது புரியும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போகட்டும் என்பதற்காக. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் கூடவே கூடாது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு குழம்பு, அவருக்கு உப்புக் குறைத்து ஒரு குழம்பு. காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொட்டு, தோலுக்கடியில் ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கையில் யாரும் பி.பி. பார்க்காமல், ஊசி போடாமல், அவரும் அந்தப் பக்கமாகப் படுத்து அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் எழுந்து உட்கார்ந்தால், உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆகவே இவருடைய தூக்கத்திலும் ஒரு காது விழித்தே இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது தண்ணீர்க் கணக்கு. சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோனவருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குள்தான் எல்லாமும். காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் உட்பட. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கே பாட்டிலில் கால்வாசிதான் இருக்கிறது. "ஒரு வாய் கொடு" என்று அவர் கேட்கிறார். வாசலில் வந்து நின்றவருக்கு, யார் எவர் என்று விசாரிக்கும் முன்பே ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி வளர்ந்தவள் அவள். கேட்பவர் கணவர், மறுக்க வேண்டியவள் மனைவி. கொடுத்தால் மூச்சுத்திணறல், கொடுக்காவிட்டால், "ஒரு வாய் தண்ணிக்குக்கூட உன்கிட்ட கெஞ்சணுமா?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியை நாள்தோறும் வாங்கிக்கொண்டு, கோபப்படாமல், ஒரு சின்ன ஐஸ் துண்டை அவர் நாக்கில் வைப்பதை எந்த மருத்துவச் செலவுக் கணக்கில் எழுதுவது?

இப்படி ஒரு வேலை உலகத்தில் முன்பு இருந்ததில்லை. 1943ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் தொத்திறைச்சிக்கு உறையாகும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி டயாலிசிஸ் இயந்திரம் செய்தார். 1945ல் அதனால் முதன்முறையாக ஓர் உயிர் பிழைத்தது. ஆனால் தற்காலிகமாகப் பழுதான சிறுநீரகத்துக்குத்தான் அது உதவியது. ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டும். சில முறைக்குப் பிறகு திறக்க இடமிருக்காது. 1960ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாகவே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். அதை முதலில் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷினிஸ்ட் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966ல் ஃபிஸ்டுலா வந்தது. சில நாளில் முடிந்துவிடும் என்றிருந்த உயிர், பல ஆண்டு வாழும் உயிராயிற்று. மருத்துவத்தின் மகத்தான வெற்றிகளில் இதுவும் ஒன்று. அந்த வெற்றியோடு கூடவே, அந்தப் பல ஆண்டும் பக்கத்தில் இருக்க வேண்டிய இன்னொரு மனிதரின் வாழ்க்கையும் பிறந்தது. நோயாளிக்குக் குழாயும் வடிகட்டியும் மருந்தும் கண்டுபிடித்தவர்கள், அந்த மனிதருக்காக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நம் மாநிலத்தில் முன்னைவிட நிலைமை எவ்வளவோ மேல். 2016ல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டமும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களின் கட்டணச் சுமையைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. 1993ல் சென்னையில் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் வசதியற்றவர்களுக்கு டயாலிசிஸ் கிடைக்க வழிசெய்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இதையெல்லாம் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் பை வீட்டுக்கு வந்த பிறகு அதை மாற்றும் கை யாருடையது? நாளுக்கு மூன்று நான்கு முறை, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாயை மூடிக் கட்டி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு லிட்டர் பையை மாட்ட வேண்டும். ஒரு முறை கை தவறினால் வயிற்றில் சீழ் பிடிக்கும் என்ற பயம் ஒவ்வொரு முறையும் கூடவே நிற்கிறது. மருத்துவமனைக்கு வருபவர்களின் வீட்டிலோ டயாலிசிஸ் நாளில் இரண்டு பேருடைய கூலி போகிறது. கட்டணம் இலவசம் ஆகலாம்; அந்த நாள் இலவசம் இல்லை.

உறவினர் ஒருவருக்குத் துணையாக, மாவட்ட மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நீளமான இரும்பு பெஞ்சு. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு ஒயர் கூடை. அதில் பிளாஸ்க், இட்லிப் பொட்டலம், இயந்திரத்தில் படுத்ததும் குளிரும் என்பதற்காக ஒரு போர்வை. "இன்னிக்கு எவ்வளவு எடுக்கச் சொல்லியிருக்காங்க?" என்று ஒரு பெண் கேட்டார். "ரெண்டரை" என்றார் மற்றவர். "ஆத்தாடி, கால் இழுக்குமே. கடைசி ஒரு மணி நேரம் உள்ளே போய்ப் பாதத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நில்லு." எத்தனை லிட்டர் எடுத்தால் எத்தனையாவது மணி நேரத்தில் எந்தத் தசை பிடிக்கும் என்று எந்தப் பட்டமும் இல்லாமல் அந்த பெஞ்சுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் இருந்தவரிடம், "உங்க உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். கேள்வி தனக்கானது என்பதே அவருக்கு உடனே பிடிபடவில்லை. "எனக்கென்ன தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். அவருக்குத்தானே நோவு" என்றார். அந்தப் பக்கம் இருந்த வயதான அம்மா விடவில்லை. "என்ன நல்லா இருக்கா? இவளுக்கும் சர்க்கரை இருக்குப்பா. மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாச்சு, கேளு." சர்க்கரைக்கு இலவச மாத்திரை கொடுக்கும் ஓ.பி. அதே வளாகத்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே போய் வரிசையில் நின்றிருந்தால் வாங்கியிருக்கலாம். "நான் அங்கிட்டு வரிசையில நிக்கும்போது இங்கே அவருக்கு பி.பி. இறங்கி, 'கூட வந்தது யாரு'ன்னு கூப்பிட்டா?" என்றார் அவர். மாத்திரைக்கும் அவருக்கும் நடுவில் நின்றது தூரமும் இல்லை, பணமும் இல்லை. அந்த நான்கு மணி நேரம் அவருடைய இடத்தில் உட்கார இன்னோர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்லும் ஓர் உண்மை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பாதிக்கு மேல் வேலை போன பிறகும் அது வெளியே காட்டிக்கொள்ளாது. வலிக்காது, முனகாது, மீதி இருக்கும் பகுதியை வைத்துக்கொண்டு கூடுதலாக உழைக்கும். கால் வீங்கி, பசி போய், மூச்சு வாங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் பெரும்பகுதி போயிருக்கும். நோயாளியைத் தாங்குகிறவரும் அப்படித்தான் பழுதாகிறார். முதலில் தூக்கம் போகிறது. பிறகு தன் மருந்து, பிறகு கல்யாணம் காதுகுத்துக்குப் போவது, பிறகு தோழியோடு ஃபோனில் பேசுவது. ஒவ்வொன்றாக உதிரும்போதும் வீடு வழக்கம்போல நடந்துகொண்டிருக்கிறது; சோறு வேகிறது, எடை பார்க்கப்படுகிறது, ஆட்டோ வருகிறது. நன்றாக நடக்கிறது என்று எல்லாரும் நினைத்திருக்கும்போது ஒருநாள் அவர் மயங்கி விழுகிறார்.

இந்த மௌனத்தை அளந்து பார்க்க ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1980ல் அமெரிக்காவில் ஸ்டீவன் சாரிட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும், மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இப்போது 22 கேள்விகளாகப் பரவலாகப் புழங்கும் அதை, டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பங்களிடமும் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 88. உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, உடல்நலம் கெட்டிருக்கிறதா, பணம் போதாதென்று கவலையா என்றெல்லாம் அது கேட்கிறது. இவற்றை நாமே எதிர்பார்க்கலாம். என்னை நிறுத்தியவை வேறு இரண்டு: அவருக்காக இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா? இதைவிட நன்றாகக் கவனித்திருக்கலாம் என்று தோன்றுகிறதா?

ஆம் என்றால் சுமை கூடுதல் என்று மதிப்பெண் ஏறுகிறது. இரவு பகல் பாராமல் செய்பவரே இந்தக் கேள்விகளுக்கு முதலில் தலையாட்டுவார். பொட்டாசியம் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னால், நோயாளி யாருக்கும் தெரியாமல் கடையில் சாப்பிட்ட பழத்தை நினைக்காமல், தான் வைத்த சாம்பாரைத்தான் நினைப்பார். செய்கிற வேலையின் கனத்தோடு, செய்ததெல்லாம் போதாது என்ற குற்ற உணர்வின் கனமும் சேர்கிறது. முதலாவதை ஓர் ஆள் வந்து பகிர்ந்துகொள்ளலாம். இரண்டாவதை, "நீ செய்தது போதும்" என்று அவர் மதிக்கும் யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் இறக்கிவைக்க முடியும். பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் சொல்வதே இல்லை.

இதைவிட ஆழத்தில் ஒன்று கிடக்கிறது. அதையும் பேசித்தான் ஆக வேண்டும். ஏதோ ஓர் அதிகாலையில், வண்டிக்குக் காத்து நிற்கும்போது, "இது எப்போ முடியும்?" என்று மனம் கேட்டுவிடுகிறது. கேட்ட மறுகணம், முடிவென்றால் என்ன என்பது உறைத்து, உடம்பு நடுங்குகிறது. நானா இப்படி நினைத்தேன், எனக்கு நல்ல கதி கிடைக்குமா என்று அன்று முழுவதும் நோயாளியை இரட்டிப்பாகக் கவனிப்பார். வேண்டுதல் ஒன்று கூடுதலாக முடிந்துவைப்பார். அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்: அம்மா, அந்த நினைப்பு பாவமில்லை. நீங்கள் அவருடைய சாவைக் கேட்கவில்லை. உங்கள் உடம்பு தூக்கம் கேட்டது. அதைக் கேட்க வேறு வார்த்தை அதற்குத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் படுத்திருப்பவரின் மனதிலும் இதே கனம்தான். இயந்திரம், ஊசி, தாகம் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் நோயாளியால் ஒன்றைத் தாங்க முடிவதில்லை: தன்னால் இன்னொருவர் தேய்வதைப் பார்ப்பது. "உனக்குப் பாரமாயிட்டேன்" என்று அவர் ஆரம்பிப்பார். "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அவள் வாயை அடைப்பாள். அன்பினால்தான் அடைக்கிறாள். ஆனால் அதோடு பேச்சு நின்றுபோகிறது. அவருடைய பயம் அவருக்குள்ளும் இவளுடைய அசதி இவளுக்குள்ளும் அடைபட, ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாக இருக்கிறார்கள். "ஆமாங்க, அசதியாத்தான் இருக்கு. இருந்தாலும் நீங்க இருக்கணும், அதான் எனக்கு வேணும்" என்று அவள் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தச் சுவர் விழும். இந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் நிஜம். ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை. கனக்கிறது என்று சொல்வதை அன்பு குறைந்ததன் அடையாளம் என்று எடுத்துக்கொள்வதால்தான் நம் வீடுகளில் இத்தனை மௌனம்.

மனிதர்கள் இதையெல்லாம் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? 1984ல் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் எழுதிய புகழ்பெற்ற நூல் சமாளிப்பில் இரண்டு வகை காண்கிறது: பிரச்சினையையே எதிர்கொண்டு மாற்றுவது, மாற்ற முடியாதபோது மனதைத் தேற்றிக்கொள்வது. நம் பெண்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்கிறார்கள். எடையையும் பி.பி.யையும் நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாக எழுதி டாக்டர் முன் நீட்டுவது முதல் வகை. சமயபுரத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ நேர்ந்துகொள்வது இரண்டாவது. அந்த இரும்பு பெஞ்சில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பேச்சில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் ஒரு சமாளிப்புதான். இவை எதையும் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சமாளிப்பதை அவருடைய தனித் திறமையாக மட்டும் பார்த்தால், விழும்போது அதை அவருடைய தனித் தோல்வியாகவும் பார்ப்போம். எவ்வளவு திடமான மனதாலும் ஒற்றை ஆளாக ஆண்டுக்கணக்கில் தூங்காமல் இருக்க முடியாது.

இங்கேதான் நம் பாராட்டுகளைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொண்டாட்டியா? தெய்வம்மா நீ" என்கிறோம். மனதார உருகித்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு, கொண்டுபோன ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு, ஏழு மணிப் பஸ்ஸைப் பிடிக்கிறோம். தெய்வம் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவருக்கு அசதி வரக் கூடாது, கோபம் வரக் கூடாது, ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று அவர் கேட்கவும் கூடாது. புகழ்ச்சி அவர் வாயை இன்னொரு முறை அடைக்கிறது. நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நாட்களைக் கொடுத்த அதே பெண், கேட்டால் உறுப்பையும் கொடுக்கிறாள். கொடுப்பவளுடைய மனம் பெரிது என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பெரிய மனதை நம்பியே ஒரு சமூகம் தன் பங்கைச் செய்யாமல் இருந்துவிடலாமா?

மாற்றுவழி கற்பனையில் இல்லை. பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. 1993ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பணி, பிறகு கேரளத்தின் ஊர்தோறும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் ஏற்பாடாக வளர்ந்தது. வாரத்தில் இரண்டொரு மணி நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கும் சாதாரண மனிதர்கள் பயிற்சி பெற்று, தம் தெருவிலேயே படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் போகிறார்கள். நாட்பட்ட நோயில் டாக்டரின் வேலை ஒரு பகுதிதான், மீதி அக்கம்பக்கத்தின் வேலை என்ற தெளிவு அதன் அடிப்படை. 2008ல் அந்த மாநில அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. நம் ரயில்வேயும் ஒரு சிறு உண்மையைப் புரிந்து வைத்திருக்கிறது: டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரக அறுவைக்கோ பயணம் செய்யும் நோயாளிக்குத் தரும் கட்டணச் சலுகையை, கூடப் போகும் ஒருவருக்கும் தருகிறது. இந்த நோயில் பயணச்சீட்டு எப்போதும் இரண்டு என்று டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குத் தெரிந்திருப்பது, மருந்துச்சீட்டு எழுதும் இடத்துக்கும் தெரிந்தால் நல்லது. டயாலிசிஸ் பிரிவில் நோயாளிக்கு பி.பி. பார்க்கும் அதே கருவியால், மாதம் ஒருமுறை கூட வந்தவருக்கும் பார்க்கலாம். "தூங்குறீங்களா, உங்க மாத்திரையைச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்கலாம். ஒரு நிமிடம் போதும்.

நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. "என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லி வருவதை நிறுத்த வேண்டும். எவரும் கூப்பிடமாட்டார்கள். கேட்பதும் ஒரு வேலை. அதற்கும் அவரிடம் தெம்பில்லை. "வர்ற வியாழக்கிழமை மச்சானை நான் கூட்டிட்டுப் போறேன். நீ வீட்டில் படுத்துத் தூங்கு" என்று கிழமையைச் சொல்ல வேண்டும். முதல் முறை அவர் சம்மதிக்கமாட்டார். நமக்கு ஒன்றும் தெரியாது என்று பயப்படுவார். ஆகவே ஒரு நாள் அவர் கூடவே போய், எந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, எத்தனை கிலோ வரை எடுக்க வேண்டும், முடிந்த பிறகு ஊசி குத்திய இடத்தை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணன் ஒரு முறை, கொழுந்தனார் ஒரு முறை, பக்கத்து வீட்டுப் பையன் ஒரு முறை என்று மாதத்துக்கு நாலு முறை மாறினால் போதும், அந்த வீட்டின் முகமே வேறாகும். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்து கதை சொன்னால், அதைக் கேட்கும் நோயாளிக்குக் கிடைப்பதும் மருந்துதான். தன்னால் இவள் வாழ்க்கை நின்றுவிடவில்லை என்ற ஆறுதலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சிறுநீரகமாகவே மாறிவிட முடியும். ஆயிரக்கணக்கான வீடுகளில் அது இன்றும் நடக்கிறது. ஆனால் உறுப்புக்கு ஆசை கிடையாது, பண்டிகை கிடையாது, பேச ஆள் வேண்டியதில்லை. மனிதருக்கு இவையெல்லாம் வேண்டும். அவருடைய அன்புக்கு எல்லை இல்லாமல் இருக்கலாம். உடம்புக்கு எல்லை உண்டு. ஒருவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறார் என்பதை வைத்து அவருடைய அன்பை அளக்கும் வழக்கம் போக வேண்டும். தேயாமல் காப்பதும் அன்புதான். அது மற்றவர்கள் செய்ய வேண்டிய அன்பு.

உடம்புகூட இந்த வேலையை ஒன்றிடம் ஒப்படைக்கவில்லை. ஒரு சிறுநீரகத்தோடு மனிதன் நன்றாக வாழ முடியும். அப்படியிருந்தும் இயற்கை இரண்டு கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் உயிரைக் காப்பது பலர் பங்கிட்டுச் செய்ய வேண்டிய வேலை என்பது நம் விலாவுக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. கடைசிப் பயணத்தில் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே உறவுகளைக் காத்துவந்தவர்கள் நாம். அந்த நாலு பேர் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சு இருக்கும்போதே, ஆளுக்கு ஒரு கிழமை எடுத்துக்கொண்டு அவர்கள் வந்துவிட்டால், தாங்கப்படுகிறவர், தாங்குகிறவர் இருவருமே வாழ்வார்கள்.